எட்டாவது ஆட்டம்: கைக்குழந்தையோடு கோந்த்வாவிலிருந்து போசரிக்கு

மூன்று வாரம் தாமதமாக எழுதுகிறேன். ஒரு பத்தி முடிப்பதற்குள் இனியா எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறாள், எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. பத்து மாதக் குழந்தையோடு புனேயில் மேட்ச் பார்க்கப் போகலாமா என்று தேடியபோது தமிழில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் என் நாத்தனார் ரம்யா. இருபத்து மூன்று வயது. இந்த வருடம்தான் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். சீசனுக்கு எட்டு ஆட்டங்கள். ஏழு முடிந்துவிட்டன. ஏழிலும் பெஞ்சில்தான், ஒரு விநாடிகூட இறக்கவில்லை. ஏழுக்கும் தவறாமல் போன மாமியார் எட்டாவதற்கு வரமாட்டேன் என்றுவிட்டார். "அவ உக்காந்திருக்கறத பாக்க போசரி வரைக்கும் போகணுமா? வீட்டு சோஃபாலயே பாக்கறனே."

ரம்யா சிரித்துவிட்டுப் போனாள். பிறகு நான் பால் பாட்டில் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி, நீங்க வாங்களேன். ஒருவேளை கோச் இறக்கிட்டா நம்ம ஆளு ஒருத்தராவது பாக்கணும்ல. ஒரே ஒரு தடவ உள்ள போனா போதும். இல்லேன்னா சீசன் ஃபுல்லா ஸ்கோர் ஷீட்ல என் பேருக்கு நேரா வெறும் கோடுதான்."

கணவர் அலுவலக வேலையாகச் சென்னையில் இருந்தார். இனியாவைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நான் தனியாகப் போனதே இல்லை. இருந்தும் சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை, ஆட்டம் நான்கு மணிக்கு. ஒன்றே முக்காலுக்கு நானும் இனியாவும் கிளம்பினோம். கோந்த்வாவிலிருந்து ஸ்வார்கேட் ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 145 ரூபாய், அரை மணி நேரம். அங்கிருந்து மெட்ரோ, 30 ரூபாய். சிவாஜிநகர் வரை சுரங்கம். வெளிச்சத்துக்கு வந்ததும் இனியா ஜன்னலில் இரண்டு கையையும் வைத்து அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு முக்கியமான விஷயம்: போசரி என்று பெயர் வைத்த ஸ்டேஷன் நாசிக் பாட்டா என்ற சந்திப்பில் இருக்கிறது. உண்மையான போசரிக்கு அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 70 ரூபாய். இது தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் பத்து நிமிடம் அரங்கத்தைத் தேடினேன்.

டிக்கெட் 200. குழந்தைக்கு இல்லை. சத்தம் தாங்காதே என்று 749 ரூபாய்க்குக் காதுமூடி வாங்கியிருந்தேன். இனியா அதை இரண்டு நிமிடத்தில் கழற்றிக் கடிக்க ஆரம்பித்தாள். பக்கத்து இருக்கையில் கசார்வாடிக்காரப் பெண்மணி ஒருவர். கணவருக்கு லேத் பட்டறையாம், எல்லா ஆட்டத்துக்கும் வருகிறவர். "அரே, விடுங்க. என் பையன் பட்டறைச் சத்தத்துல தூங்கியே வளந்தான்" என்று பாதி மராத்தி பாதி இந்தியில் சொல்லி இனியாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தொற்று, சளி, கைகழுவினாரா என்றெல்லாம் எனக்குள் ஓடியது. ஆனால் குழந்தை சிரித்தது.

பெஞ்சில் இருப்பது எங்கள் வீட்டுப் பெண் என்று அவரிடம் காட்டினேன். மூன்றாவது குவார்ட்டர் வரை ரம்யா எழுந்திருக்கவில்லை. நம் அணி பத்தொன்பது புள்ளி முன்னால். நான்காவதில் ஹாரன் அடித்தபோது இனியா வீறிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ புக் செய்தேன். முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கிளம்பினால்தான் வண்டி கிடைக்கும் என்று எல்லா ஆங்கில வலைப்பதிவிலும் எழுதியிருக்கிறார்கள். ஆட்டோ இரண்டு நிமிடத் தொலைவில் இருந்தபோது அந்தப் பெண்மணி கதவருகே வந்து கத்தினார்: "உங்க பொண்ணு எழுந்துட்டா."

உள்ளே ஓடினேன். ரம்யா ஜெர்சிக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்கோர் மேசை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தில் மீதி ஒரு நிமிடம் நாற்பது விநாடி. "ஏன் இன்னும் உள்ள போகல?" என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன்.

"ஆட்டம் நிக்கணும். யாராவது ஃபவுல் பண்ணணும், இல்ல பந்து வெளிய போகணும். அது வரைக்கும் அங்கதான்."

ஆனால் முடிவு தெரிந்துபோன ஆட்டத்தில் யாரும் யாரையும் இடிப்பதில்லை. பந்து அந்தப் பக்கம் போனது, வளையத்தில் பட்டுத் திரும்பியது. இந்தப் பக்கம் வந்தது, மறுபடி தவறியது. ஒரு நிமிடம் பத்து. ஐம்பத்தைந்து. எல்லோரும் கைதட்ட, நான் மட்டும் யாராவது தப்பு செய்யட்டும் என்று நின்றேன். ரம்யா நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தாள்.

பந்து எங்கள் கேப்டன் கைக்கு வந்தது. அவர் மேசைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, பக்கத்தில் எதிராளி யாருமே இல்லாதபோது, பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்தார். கூட்டம் "அய்யோ" என்றது. கசார்வாடிப் பெண்மணி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணும்னே போட்டா, பாத்தீங்களா" என்றார். ரம்யாவை உள்ளே விட ஹாரன் அடித்தது. இனியா மறுபடி அழுதாள். நான் நகரவில்லை.

முப்பத்தெட்டு விநாடி. ரம்யா இரண்டு முறை ஓடினாள், ஒரு பாஸ் கொடுத்தாள், பந்தைப் பறிக்கப் போய் எதிராளி மேல் விழுந்து ஃபவுல் வாங்கினாள். அவள் கையை உயர்த்தி ஒப்புக்கொண்டபோது முகமெல்லாம் சிரிப்பு. ஃபவுலுக்கு அப்படிச் சிரித்து நான் யாரையும் பார்த்ததில்லை.

கேப்டனிடம் நன்றி சொன்னாளாம். "எதுக்கு? கை வழுக்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாராம். அந்தத் தப்பு அவர் பெயரில்தான் பதிவாகும்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு: கதவோரமாக உட்காருங்கள். மாற்றுத்துணி இரண்டு செட் வையுங்கள். டயாபர் மாற்ற அரங்கத்தில் தனி இடம் இல்லை, நான் மாடிப்படியில் மாற்றினேன். சீக்கிரம் கிளம்பாதீர்கள், வண்டி மெதுவாகவே கிடைக்கட்டும். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, இனியாவின் தூக்க நேரம் மூன்று நாள் குலைந்தது. பிழைத்துக்கொண்டோம்.

அடுத்த சீசனுக்கு ரம்யாவை எடுப்பார்களா என்று இன்னும் தெரியவில்லை. அன்று அவள் அணி வண்டியில் போகாமல் எங்களோடு ஆட்டோவில் வந்தாள். ஜெர்சியைப் பார்த்துவிட்டு ஓட்டுநர், "மேட்ச் ஜெயிச்சீங்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"நான் ஆடினேன், அண்ணா" என்றாள் ரம்யா.