புதன்கிழமையும் நீலக் கேபிளும்

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு லோரெட் ஷார்ட்ரான் காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, சர்வர் அறைக்குள் போய், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பின் நீலக் கேபிளைப் பிடுங்குகிறார். பிடுங்கிய முனையைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே போன் போடுகிறார்.

"டெல்மா, லைன் போச்சு. இனிமே உனக்கு நீதான் துணை. ஃப்ரிட்ஜைத் திற."

"வெளியில மைனஸ் முப்பத்தாறு. இதுல ஃப்ரிட்ஜுக்குள்ள வேற கையை விடச் சொல்றியேடி."

"ஒப்பாரியை அப்புறம் வெச்சுக்கலாம். நம்பரைப் படி."

எந்த இரத்தப் பை எந்த ஊர் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று பதிந்து வைப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. மூல சர்வர் இங்கே வின்னிபெக்கில். அதன் நகல், எழுநூறு கிலோமீட்டர் வடக்கே கிரேன் நாரோஸ் என்ற சுரங்க ஊரில். இங்கே ஒரு பதிவு மாறினால் அங்கேயும் மாற வேண்டும். இரண்டு சர்வரையும் இணைக்கும் லைன் குளிர்காலத்தில் அறுந்துபோனால் அங்கே ஆய்வகத்தில் இருக்கும் டெல்மா ஸ்பென்ஸுக்கு அந்த நகல்தான் கதி. அதனால் லோரெட் வாரம் ஒருமுறை தானே லைனை அறுத்து, டெல்மா படிக்கும் எண்களைத் தன் கையிலுள்ள மூலப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறார். இருபது நிமிடம். பிறகு கேபிளைச் செருகி, விட்டதையெல்லாம் நகல் ஓடிப் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.

வயது அறுபத்தொன்று. அலுவலகத்துக்குள்ளும் மீன்பிடிக்கிற சட்டையைத்தான் போட்டிருப்பார். அதன் பன்னிரண்டு பைகளிலும் திருப்புளி, கறுப்பு டேப், பாதி தின்ற பானக் என்ற தடித்த ரொட்டி. சுவரிலுள்ள பெரிய திரையில் நகல் எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது என்று பச்சை எழுத்தில் ஓர் எண் ஓடும். அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "செத்தவன்கூடத்தான் எங்கயும் லேட்டா வர மாட்டான்" என்பார். கேட்டவர் விழிப்பார். பதினோரு வருஷமாக அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அது புரிய இரண்டு வருஷம் ஆனது: பின்தங்கவில்லை என்பதால் மட்டும் நகல் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

போன நவம்பரில் கிரெய்க் ஃபென்விக் எங்களுக்கு இயக்குநராக வந்தார். டொராண்டோக்காரர், நல்ல மனிதர், வேகம் என்றால் அவருக்குப் பிடிக்கும். வடக்கு லைன் ஒல்லியானது. காலை நெரிசலில் நகல் நாற்பது நிமிடம் பின்தங்கும். மாறிய பதிவுகளை அனுப்புவதை நிறுத்திவிட்டு, கட்டளையை மட்டும் அனுப்புவோம், அங்குள்ள சர்வர் அதே கட்டளையைத் தானே செய்துகொள்ளும் என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம்.

"முடியாது" என்றார் லோரெட். "தினம் காலைல நம்ம சிஸ்டம் என்ன சொல்லுது? 'கிரேன் நாரோஸ்ல இருக்கிற ஓ நெகட்டிவ்ல ஏதாவது நாலை அவசரத்துக்கு ஒதுக்கு'ங்குது. இங்க இருக்கிற சர்வர் ஒரு நாலை எடுக்கும். அங்க இருக்கிறது வேற நாலை எடுக்கும். ரெண்டும் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கும்."

"நாலுன்னா நாலுதானே லோரெட்? எண்ணிக்கை சரியா இருக்குமே."

"டெல்மா அவசரப் பையை மேல் தட்டுல எடுத்து வைக்கிறது அங்க இருக்கிற ஸ்க்ரீனைப் பாத்து. எந்தப் பையை வேற ஊருக்கு அனுப்பலாம்னு நாம முடிவு பண்றது இங்க இருக்கிற ஸ்க்ரீனைப் பாத்து. யோசிச்சுப் பாருப்பா. பதிவையே அனுப்புவோம். ஆனா ஒரு பதிவுல ஒரு கட்டம் மாறினா அறுபது கட்டத்தையும் அனுப்புறோம் பாரு, அந்தக் கூத்தை நிறுத்துறேன். மூணு வாரம் குடு."

கொடுக்கவில்லை. கூடவே, ஓடும் இணைப்பை அலுவல் நேரத்தில் துண்டிப்பவர் மீது நடவடிக்கை என்று கையெழுத்திட்ட கடிதமும் வந்தது. லோரெட் அதை இரண்டாக மடித்துக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் திறக்கவில்லை. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜனவரியில் அவர் ஏரிப் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க ஒரு வாரம் லீவில் போனார். அந்த வாரமே கட்டளையை மட்டும் அனுப்பும் முறைக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்தபோது திரையில் டேப் இல்லை. பளிச்சென்று பச்சைப் பூஜ்யம். அது செவ்வாய்க்கிழமை, பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் பத்தே காலுக்கு எழுந்தார். சர்வர் அறை வாசலில் கிரெய்க் நின்றார்.

"வேண்டாம் லோரெட். கேபிள்ல கை வெச்சீங்கன்னா அடையாள அட்டையைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சும்மா சொல்லலை."

"நீ சும்மா சொல்றவன் இல்லன்னு தெரியும்பா."

கழுத்தில் தொங்கிய அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்தார். பிறகு அதைக் கழற்றி கிரெய்க்கின் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் ஆறேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கேபிள் தோளுக்கு வந்தது. போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"டெல்மா, மேல் தட்டு நாலையும் படி."

டெல்மா படித்தாள். முதல் எண்ணுக்கு லோரெட் டிக் போட்டார். இரண்டாவதற்குப் பேனா நின்றது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் கிட்டேயே போகவில்லை.

"இந்த மூணும் எங்ககிட்ட ஒதுக்கினதுல இல்லடி. அதுலயும் ரெண்டை இன்னிக்கு ப்ளேன்ல வேற ஊருக்கு அனுப்பச் சொல்லியிருக்கு."

"ஆமா, இப்பதான் லிஸ்ட் வந்துச்சு. மேல் தட்டுலேர்ந்து போய் அனுப்பச் சொல்றாங்களேன்னு நெனச்சேன். சரி, வின்னிபெக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு டப்பா எடுத்து வெச்சிருக்கேன்."

"டப்பாவைத் தூக்கிப் போடு. ஒண்ணையும் நகத்தாத."

சுரங்கத்தில் அன்று மாலை ஏதாவது நடந்திருந்தால் மேல் தட்டில் நான்கு இருக்கும் என்று நாங்கள் இங்கே நிம்மதியாக நம்பியிருப்போம். இருந்திருப்பது இரண்டு. கிரெய்க் திரையைப் பார்த்தார். பூஜ்யம் அப்படியே பச்சையாக நின்றது. "எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல். லோரெட் பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். அட்டையைக் கிரெய்க் லோரெட்டின் மேஜையில், அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

கேட்ட மூன்று வாரம் கிடைத்தது. முதல் நாளே பழையபடி பதிவுகளை அனுப்ப வைத்து, நகலை அடியிலிருந்து புதிதாக எடுத்துப் போட்டார். பிறகு மாறிய கட்டங்களை மட்டும், அவற்றையும் சுருக்கி அனுப்பினார். அங்குள்ள சர்வர் ஒற்றை ஆளாக எழுதிக்கொண்டிருந்த வேலையை, ஒன்றோடொன்று மோதாத மாற்றங்களாகப் பிரித்து நான்கு வழியில் ஒரே சமயத்தில் எழுத வைத்தார். நாற்பது நிமிடம் ஆறு விநாடியானது. அன்று அலுவலகத்தில் கைதட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

அடுத்த புதன்கிழமை கிரெய்க் வந்து திரைக்கு முன்னால் நின்றார்.

"ஆறு விநாடி. இது நீங்களே செஞ்சது லோரெட். இதையாவது நம்பலாமே. இனிமே எதுக்கு இந்தப் புதன்கிழமைக் கூத்து? அந்தக் கடிதத்தை நான் இன்னும் வாபஸ் வாங்கலை, ஞாபகம் இருக்கட்டும்."

லோரெட் நிமிர்ந்து அந்த ஆறைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, பல்லால் ஒரு துண்டு கிழித்து, தன் கையால் செய்த எண்ணின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் இரண்டு ஓரத்தையும் அழுத்தித் தேய்த்தார். பிறகு கழுத்து அட்டையைக் கழற்றிக்கொண்டே சர்வர் அறைப் பக்கம் நடந்தார்.