எஃபி இறங்காத கிரேன்

கிளைட் ஆற்றங்கரையில், எங்கள் கப்பல் கட்டும் தளத்தின் பெரிய கிரேனை ஓட்டியவர் எஃபி லாமண்ட். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தளம் ஒரு குடும்பத்தின் சொத்து. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எண்பதுகளில் அரசாங்கமே அதைத் தெற்கத்திக் கம்பெனி ஒன்றுக்கு விற்றது.

கரையோரம் பாதி கட்டிய போர்க்கப்பல் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதைத் தங்கள் ஊருக்கு இழுத்துப்போய் முடிக்கப் புது முதலாளிகள் உத்தரவு போட்டார்கள். கப்பல் போனால் எங்கள் பிழைப்பும் போச்சு. ஆனால் கரையில் கிடந்த மிச்ச இரும்பைக் கிரேன்தான் அதில் ஏற்ற வேண்டும். ஏற்ற வேண்டிய நாளன்று காலையில் மேலே ஏறிய எஃபி, கிரேன் கூண்டின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

புது மேலாளர் ப்ரெண்டிஸ் ஒலிபெருக்கியில் கத்தினார். "இறங்குங்கம்மா! இந்த கிரேன் இப்ப எங்களோடது!"

"கிரேனை வச்சுக்குங்க சார். இடுப்பு வலி என்னோடது, கேட்டா அதையும் தர்றேன்!"

கீழே ஒரே சிரிப்பு. "எஃபி, சாப்பிட மட்டன் பை அனுப்பவா?" என்றார் வெல்டர் ஹ்யூயி.

"ரெண்டா அனுப்பு. ஒண்ணை நீ வழியிலயே தின்னுடுவே!"

மதியம் காற்று வலுத்தது. கப்பலை இழுத்துப்போக வந்திருந்த தெற்கத்தி ஆட்கள் அதன் மேல்தளத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே அடுக்கியிருந்த இரும்புத் தகடுகள் திடீரென்று சரிந்தன. டெரெக் என்பவரின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. அவர் அலறியது கரைவரை கேட்டது.

கிரேன் திரும்பியது. அந்தக் காற்றில் அதைத் தொடவே கூடாது. ஆனாலும் கொக்கி பூப்போல இறங்கியது. ஹ்யூயி ஓடிப்போய்ச் சங்கிலியை மாட்டினார். தகடு ஒரு சாண் எழும்பியதும் டெரெக்கை வெளியே இழுத்தோம்.

எஃபி இறங்கி வந்தார். ப்ரெண்டிஸ் நன்றி சொன்னார். அந்த மூச்சிலேயே, "ஆனா காலையில நடந்ததுக்கு உங்கள வேலைய விட்டு நிறுத்தித்தான் ஆகணும்" என்றார்.

தெற்கத்தி ஆட்களின் மேஸ்திரி கையுறைகளைக் கழற்றி ப்ரெண்டிஸின் காலடியில் போட்டார். "அப்ப கயித்த நீங்களே கட்டிக்குங்க சார். நாங்க ஊருக்குப் போறோம்."

இழுத்துப்போக ஆளில்லை. தொழிற்சங்கமும் விடாமல் மல்லுக்கட்டியது. கப்பல் எங்களிடமே தங்கியது, எஃபியும் வேலையில் தங்கினார். அதற்குப் பிறகும் தளம் கைமாறியது. வந்த முதலாளிகள் பலரின் பெயர் எனக்கு மறந்தே போய்விட்டது.

அந்தக் கப்பல் கடலுக்குப் புறப்பட்ட நாளில் டெரெக் தடியூன்றி வந்தார். "உங்களக் கட்டிப்பிடிச்சுட்டு வரச் சொன்னா என் பொண்டாட்டி."

"அதெல்லாம் அப்புறம் தம்பி," என்றார் எஃபி. "மொதல்ல ஒரு விஸ்கி வாங்கிக் குடு."