கதவு நிலையில் அம்மன்

கம்மாபுரம் போகிற பேருந்து டயர் வெடித்து நிற்கிறது. சாலையோரத்தில், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் குடியிருப்பு. எல்லா வீடுகளும் ஒரே மாதிரி. ஒரு வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறேன். வீட்டுக்கார அம்மா சொம்போடு வருகிறார்.

குடித்துக்கொண்டே பார்க்கிறேன். கதவின் மர நிலையில் கரையான் ஏறியிருக்கிறது. ஈரமண் கோடு தரையிலிருந்து என் தோள் உயரத்துக்குப் போகிறது.

"மண்ணெண்ணெய் தடவினா போயிடும்மா" என்று அதைச் சுரண்டப் போகிறேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அப்போதுதான் கோட்டின் அடியில் மஞ்சளும் குங்குமமும் தெரிகின்றன.

"பழைய ஊர்ல எங்களுக்குப் புத்து மாரியம்மன் இருந்தாங்க. ஆளு உசரம் புத்து. மிஷின் வந்து வயலோட வாரிகினு போயிடுச்சு. இங்க சிமெண்ட்டுல ஒரு புத்து கட்டிகினோம். பால் ஊத்தறோம், முட்டை வெக்கறோம். ஒரு கரையான் ஏறல. இப்பதான் அவளே வூடு தேடி வந்துகினு இருக்கா."

கதவின் மேல்பக்கக் கீல் மரத்தை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கதவு சாயாமலிருக்க ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"வீடே போயிடுமேம்மா."

அவர் சொம்பை வாங்கிக்கொள்கிறார்.

"போவட்டுங்க. ஒரு வூட்ட மிஷினுக்குக் குடுத்தோம். இத அவளுக்குக் குடுக்க மாட்டமா?"