சிவப்பு நூல் கட்டிய சலங்கை

எங்கள் நடன வகுப்பைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "சாதி பார்க்காம, டவுன் தோட்டம்னு பார்க்காம எல்லாப் புள்ளைங்களுக்கும் இலவசமா சொல்லிக்கொடுத்தோம்" என்று அந்தக் காலத்துக் கோவில் சபைக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இலவசம் என்பது உண்மை. மற்றதை நான் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. மாத்தளையில் நான் தையல் டீச்சராக இருந்தேன். டவுனைத் தாண்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோவில்; அதன் பின்னால் தகரம் போட்ட மண்டபம். அங்கேதான் சனிக்கிழமைகளில் வகுப்பு. மெட்ராஸில் படித்த நடன ஆசிரியை கண்டியிலிருந்து காலை ரயிலில் வந்து மத்தியான ரயிலில் திரும்பிவிடுவார். ஆடச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. மற்றதெல்லாம் என் தலையில். பிள்ளைகளைக் கூட்டி வருவது, உடுப்புத் தைப்பது, சலங்கை கட்டிவிடுவது, காய்ச்சல் என்றால் வீடு தேடிப் போவது, 'பொம்பளப் புள்ளைக்கு ஆட்டம் எதுக்கு' என்று முறைக்கும் அப்பாமாரோடு மல்லுக்கட்டுவது. எனக்கு ஓர் அடவுகூட ஆடத் தெரியாது. வாய் மட்டும் நன்றாக இருந்தது.

டவுன் பிள்ளைகள் எட்டுப் பேர், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேர். அந்த நான்கில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினொரு வயது. பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக் கொடிகளுக்கு நடுவே மேலே ஏறினால் வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன அறைகள்; அதுதான் அவர்கள் லயம். அவள் அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பாவும் தோட்டத்து வேலைதான். திருவிழா, சாவு என்றால் தப்பு அடிப்பார். வகுப்பில் படித்த தாளச் சொற்கட்டை அவள் வீட்டில் சொல்ல, அவர் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்டிக்கொடுப்பாராம். அதனால்தானோ என்னவோ, அவள் காலில் தாளம் ஒருநாளும் தப்பியதில்லை. நடன ஆசிரியை யாரையும் லேசில் புகழ மாட்டார். அவளை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவளை அனுப்பும்படி கேட்கப் போனபோது அவள் அம்மா உடனே சம்மதிக்கவில்லை. கைக்குழந்தை இருந்தது. சனிக்கிழமை இவள்தான் தம்பியைப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் புள்ளக்காம்பராவுக்கு நானே போய், அங்கிருந்த ஆயாவிடம் கெஞ்சி அதற்கு வழி பண்ணினேன். பிறகுதான் அந்த அம்மா மனதில் இருந்ததைச் சொன்னார்.

"டவுன் ஆளுங்க ஒரு மாதிரிங்க டீச்சர். புள்ள ஆசப்பட்டுட்டா அப்புறம் தாங்கமாட்டா."

"என்னை நம்பி அனுப்புங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

கோவில் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடன ஆசிரியை அறிவித்தார்: மேடையில் தனி நடனம் ஒன்று, ஆடப்போவது அந்தத் தோட்டத்துப் பிள்ளை. அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், எங்கேயும் கால் சும்மா இருக்காது.

அடுத்த வாரமே துணிக்கடை முதலாளியின் மனைவி என்னைத் தேடி வந்தார். முதலாளிதான் சபைத் தலைவர். அவர்களுடைய மகளும் எங்கள் வகுப்பில்தான் இருந்தாள், ஆடுவாள், மோசமில்லை.

"டீச்சர், நான் ஒண்ணும் தப்பா சொல்லல" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பானதைத் தவிர வேறெதையும் சொல்லி நான் கேட்டதில்லை. "சலங்கைய மட்டும் வேற வேறயா வச்சுக்கலாமே. தோட்டத்துப் புள்ளைங்க காலுல சொறி சிரங்கு இருக்கும். நம்ம புள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்."

எங்களிடம் பன்னிரண்டு சோடிச் சலங்கை இருந்தது. சரக்கு எடுக்க மெட்ராஸ் போன ஒரு முஸ்லிம் வியாபாரி வாங்கி வந்து கொடுத்தவை. யார் காலில் கட்டுவீர்கள் என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கும். கையில் வந்ததை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொள்வார்கள். மாட்டுத்தோல் பட்டையில் கோத்த சலங்கை. அந்தத் தோலை உரித்தது யார், பதம் போட்டது யார் என்று இந்த அம்மா கேட்கவில்லை. அந்தத் தோல் அவர் மகள் காலைச் சுற்றியிருக்கலாம். தோட்டத்துப் பிள்ளையின் கால்தான் கூடாது.

சொறியுமில்லை சிரங்குமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்திலேயே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது சண்டை பிடித்தால் தோட்டத்துப் பிள்ளைகளையே நிறுத்திவிடுவார்கள், தனி நடனம் போய்விடும், இந்தச் சின்ன விஷயத்தை விட்டுக்கொடுத்துப் பெரியதைக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என்னை நானே கெட்டிக்காரி என்றும் நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவே நான்கு சோடிச் சலங்கைகளின் தோல் ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டேன். தையல் டீச்சர் அல்லவா, சும்மா போடுவேனா? நெருக்கமாக, அழகாகப் போட்டேன். தொலைந்துபோகாமல் இருக்க அடையாளம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவள் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்களுக்கு மட்டும் பூ வேல போட்டிருக்கீங்க டீச்சர்" என்றாள்.

நான் ஆமாம் என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு என் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

திருவிழா அன்று அவள் அம்மா வேலைக்குப் போகாமல், கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டி வந்திருந்தார். மண்டபத்தில் நான் பிள்ளைகளுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தேன். மேடை ஏறுமுன் சலங்கைகளைச் சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, பிறகுதான் கட்டுவது வழக்கம். பன்னிரண்டு சோடிகளையும் பெரிய தாம்பாளத்தில் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். பூவும் போட்டாயிற்று.

முதலாளியின் மனைவி வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, சிவப்பு நூல் தைத்த சலங்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தூணடியில் தரையில் வைத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. எப்படித் தவறும்? அவருக்கு வசதியாக நான்தானே அடையாளம் போட்டு வைத்திருந்தேன்.

"இது சாமிகிட்ட போக வேணாம் டீச்சர். அதுங்க வெளியவே வச்சுக் கட்டிக்கட்டும். தப்படிக்கிறவன் புள்ள கட்டுறதப் போயி..."

நடன ஆசிரியை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணில் மட்டும் மை தீட்டியிருந்தேன். அவள் தூணடியில் கிடந்த சலங்கையைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குச் சூடு ஏறியது. இரண்டு மாதம் பிந்தி ஏறியது. பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, நான் போட்ட தையலை எல்லாம் நறுக்கினேன். நூல் துணுக்குகள் சேலை முழுக்க ஒட்டின. அந்த நான்கு சோடிகளையும் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு கையாலும் கலக்கினேன். பூவெல்லாம் நசுங்கியது.

"இப்ப எடுங்க! எது யாரோடதுன்னு பொறுக்கி எடுங்க பார்ப்போம்!" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "அப்படின்னா எங்க புள்ளைங்க ஒண்ணும் ஆடாது" என்று சொல்லி மகளின் கையைப் பிடித்தார். மற்ற டவுன் தாய்மாரும் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்தார்கள். இவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகளுக்கு நான் காய்ச்சலில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! சபைத் தலைவர் வந்தார். இந்த வருஷம் நடனம் இல்லை, நாதஸ்வரம் போதும் என்று முடித்துவிட்டார். மேடையில் யாரும் ஆடவில்லை.

நான் திரும்பியபோது அவள் அம்மா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. மகளை இழுத்து, சேலைத் தலைப்பால் அவள் கண் மையைத் துடைத்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவமானத்தில் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிமிர்ந்துதான் ஏறினேன். சபையை எதிர்த்துக் கத்தியவள், அவர்களுக்காக எல்லாரையும் பகைத்துக்கொண்டவள் என்ற நினைப்பு. நடன ஆசிரியையிடமும் பேசியிருந்தேன். என் வீட்டு விறாந்தையிலேயே வகுப்பு வைப்போம் என்றேன்; தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் இருந்தாலும் போதும், வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்த அம்மா எனக்குப் பாய் விரித்தார். தேத்தண்ணி கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"வேணாங்க டீச்சர்" என்றார்.

"அந்தப் பொம்பளையோட மூச்சுக்கூட அங்க படாது. என் வீடு" என்றேன்.

"அவங்களால இல்லீங்க. அவங்க அப்படித்தான்னு எங்களுக்கு முன்னமே தெரியும். மனசத் திடப்படுத்திக்கிட்டுத்தான் அனுப்பினோம்." என் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். குரலில் கோபமே இல்லை. "நூலு தச்சது நீங்கதானுங்களே. ஒங்ககிட்ட மட்டுந்தான் நாங்க பயமில்லாம இருந்தோம்."