சன்னாசி அண்ணனுக்குத் தெரியும் கரை

மலேசியாவில் தைப்பிங் மலை உச்சியில் ஒரு பங்களாவில் சன்னாசி அண்ணன் புல் வெட்டுகிறார். வயது நாற்பத்தெட்டு. மழை விட்ட காலைகளில் அங்கிருந்து கடல் தெரியும். வருஷத்தில் சில நாள்கள் மட்டும், கடலுக்கு அப்பால் சுமத்ராவின் மலைகளும் நீலக் கோடாகத் தெரியும். அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் மேடான் நகரில், அவருடைய ஒரே தங்கை விமலா இருக்கிறாள். கட்டிக்கொண்டு போய்ப் பத்து வருஷம். அண்ணன் ஒருமுறையும் போனதில்லை. அவரிடம் ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடையாது. அது இல்லாமல் பாஸ்போர்ட்டும் இல்லை.

எல்லாம் அவருடைய அப்பா செய்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மூத்த பிள்ளை பழனியப்பன் ஐந்து மாதத்தில் செத்துப்போனான். அடுத்த வருஷமே இவர் பிறந்தார். பதிவு செய்ய டவுனுக்குப் போனால் ஒருநாள் வேலை போய்விடும். "வீட்டுலதான் ஒரு பத்திரம் இருக்கே, அது போதும்லா" என்று செத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையே இவருக்கும் வைத்துக்கொண்டார். கூப்பிட மட்டும் சன்னாசி. ஆனால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அந்தச் சாவை ஒழுங்காகப் பதிந்திருந்தார். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோது, பத்திரத்தில் இருக்கும் பையன் இறந்துவிட்டான் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து விண்ணப்பங்கள்தான். ஐந்தாவதும் போன மாதம் திரும்பி வந்தது. காரணம் எழுதவில்லை.

இந்த முறை அவசரம் இருந்தது. விமலாவுக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பெண் குழந்தை. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மாப்பிள்ளை வீட்டு வேண்டுதல், மேடான் கோயிலில்தான் குத்தியாக வேண்டும்.

நான் அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரி. ஆறு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். சனிக்கிழமை காலை அண்ணன் என்னை மலைக்கு வரச் சொன்னார். நீலக் கோடு நன்றாகத் தெரிந்தது.

"எத்தன நாடு போன, புனிதா?"

"இருபது இருக்கும்ண்ணே."

"மேடானு?"

"போகல."

"பக்கத்துல இருக்கறத விட்டுட்டு எங்கலா சுத்துன?"

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே தங்கத் தோடு. "திங்கக்கெழம முகூர்த்தம். கொண்டு போயிடுறியா?"

பினாங்கிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. சரி என்றேன்.

அப்போது விமலா போன் செய்தாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காத. மடிக்கு ஆள் வேணும்னு ஐயரு சொல்றாரு. இவரோட கூட்டாளி தீபன் உக்காருறேங்கறாரு. நீ சரின்னு சொல்லணும்."

அண்ணன் நீலக் கோட்டின் பக்கம் திரும்பினார்.

"அவன்கிட்ட ஐசி இருக்கா?"

"ஏண்ணே இப்படிப் பேசற?"

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப அவனே மாமன்லா. நடத்துங்க."

போனை வைத்தார். என் கையிலிருந்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திறந்து தோட்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னிடமே நீட்டினார்.

"கொண்டு போ. மாமன் சீருன்னு சொல்லாத. யாராச்சும் கேட்டா, நீ வாங்குனதுன்னு சொல்லிடு."