தரைக்கு அடியில் கேட்டது

போன வாரம் சென்னையில், சொந்தக்காரப் பையன் ஒருவனின் புது ஃப்ளாட்டுக்குப் போயிருந்தோம். "அங்கிள், ஹால் ஃபுல்லா வுட்டன் ஃப்ளோர்!" என்று பெருமையாகக் காட்டினான். குதிகாலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மேலே மரம் மாதிரி ஒரு தோல்... கீழே சிமென்ட்!

மரத்தரை என்றால் நடக்கும்போது முனக வேண்டும். அடியில் காலியாக இருக்க வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் காலி இடத்துக்குள் நான் படுத்திருக்கிறேன்!

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் ஒரு மிஷன் பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை. பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய கல் கட்டடத்தில் எங்களைக் குடிவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தது. சுவரெல்லாம் கருங்கல். தரை மட்டும் மரம். மண்ணுக்கு இரண்டடி மேலே, சுவருக்குச் சுவர் உத்தரம் போட்டு, அதன்மேல் பலகை அடித்திருந்தார்கள். அடியில் காற்று போய்வர வெளிச்சுவரில் ஓட்டைகள் உண்டு. எங்களுக்கு முன்னால் இருந்தவர், பாம்பு வந்துவிடும் என்று பயந்து அத்தனை ஓட்டைகளையும் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார். பாம்பு வரவில்லை. காற்றும் வரவில்லை. ஈரத்தில் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயிருந்தது.

ஒரு காலை, காபி டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள் என் மனைவி எஸ்தர். படீரென்று பலகை உடைந்து, அவள் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அடுத்த தடவையும் அப்படியே போகுமா? பிரசவம் ஆரணியில்தான் என்று முடிவு செய்திருந்தோம். அவள் அம்மா வீடு படவேட்டில். அவசரம் என்றால் அங்கே பஸ் கிடைக்காது. ஆக, இந்தத் தரையில்தான் அவள் நடந்தாக வேண்டும். குழந்தை தவழ வேண்டும்.

"நல்ல தச்சருக்கு எங்க போறது?" என்றேன்.

"எங்க தேவராஜ் மாமா இருக்குதே! களம்பூர்ல ரைஸ் மில்லு மாடிக்கு மரத்தரை போட்டதே அதுதாங்க" என்றாள், காலுக்கு மருந்து தடவிக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது.

தேவராஜ் அவளுடைய அத்தை மகன். முறை மாப்பிள்ளை. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சின்ன வயதிலிருந்தே அவருக்குத்தான் எஸ்தர் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. கடைசி நேரத்தில் அவள் அப்பா, மாதச் சம்பளக்கார வாத்தியார் போதும் என்று என் பக்கம் சாய்ந்துவிட்டார்.

மறுநாளே வந்து இறங்கினார் மனிதர். தூண் மாதிரி ஆள். "ஸ்தோத்திரம் சார்!" என்று கைகொடுத்தார். என் விரல்கள் நொறுங்கின. "வாங்கண்ணே" என்றேன். வாயில் 'அவர்'... மனசில் 'அவன்'!

ஸ்க்ரூ டிரைவரை உத்தரத்தில் குத்தினார். பிடி வரை இறங்கியது. "பாத்தீங்களா சார்? புட்டு மாதிரி கீது. சொவத்துக்குள்ள போற மொனை அத்தனையும் போயிடுச்சி. ஜல்தியா ஆவற வேலை இல்ல இது."

அப்படியென்றால் அவர் இங்கேயே தங்குவார் என்று அர்த்தம்!

அடைத்த ஓட்டைகளைத் திறந்தார். உளுத்த முனைகளை அறுத்தெறிந்து, புது மரத்தை வைத்து போல்ட் போட்டு முறுக்கினார். ரம்பம் இழுக்கிற தாளத்துக்குப் பாட்டு வேறு. எஸ்தர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"மாமா, நீ மோரைக் குடிச்சிட்டு செய்யேன்."

மாமாவுக்கு 'நீ'. எனக்கு? "என்னங்க, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆணி கீணி குத்திடப் போவுது!" கல்யாணமாகி இரண்டு வருடம். எனக்கு ஒரே ஒரு 'நீ' கிடைத்ததில்லை.

ஒரு தடவை அவர் பலகையைக் குட்டையாக அறுத்துவிட்டார். "சார் அளவு சொன்னாரு, நான் அறுத்தேன்" என்று பழியை என் தலையில் போட்டார். நான் அளவே சொல்லவில்லை. ஆனாலும் பலகை வீணானதில் எனக்கு அப்படியொரு திருப்தி. அன்று மதியம் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது. பொறாமைக்காரனுக்கு எதில் எல்லாம் சந்தோஷம் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு சொன்னார்: "உள்ள பூந்து அந்தாண்ட மொனைக்கெல்லாம் தார் பூசணும். என் ஒடம்பு அதுல நொழையாது. நீங்கதான் சார் ஒல்லி."

பாராட்டா, கிண்டலா? பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு இறங்கினேன். தவழ்ந்து தவழ்ந்து பூசினேன். முடித்துவிட்டு மேலே வந்து, கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். பாதி வழியில் ஒரு உத்தரத்தை விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தால் கூடத்தில் யாரும் இல்லை. விட்டது தெரிந்தால் சிரிப்பாரே என்று, தார் டப்பாவோடு சத்தமில்லாமல் மறுபடி உள்ளே புகுந்தேன்.

தெருவில் பட்டு நெசவுத் தறிகள் ஓயும் நாள் அது. ஊரே அமைதி. தலைக்கு மேலே அவர்கள் வந்து நின்றதும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது.

"எஸ்தரு... ஒண்ணு கேக்கட்டா? அப்ப ரெண்டு வூட்லயும் பேசிகினு இருந்தாங்களே. உனக்கு என்னைப் புடிக்கலயா?"

நான் தார் பிரஷ்ஷைப் பிடித்தபடி உறைந்துபோனேன்.

"உங்கம்மா எங்கப்பாவைக் கேட்டாங்க" என்றாள் எஸ்தர். "எங்கப்பா எங்கம்மாவைக் கேட்டாரு. என்னை யாரு மாமா கேட்டீங்க? நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

மேலே ஒரு பலகை முனகியது. எஸ்தர்தான் நகர்ந்திருக்க வேண்டும்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? பலகையைப் போடு. கால் வைக்க எடம் இல்ல."

அவர் பலகையைப் போட ஆரம்பித்தார். ஒன்று... அடுத்தது... எனக்கு வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் இறங்கிய இடத்தைத்தான் மூடுகிறார்! குரல் கொடுத்தால், கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால்? ஆணி அடித்துவிடுவார். ஒரு மனிதனுக்கு இப்படியும் ஒரு நிலைமை வருமா?

சுத்தியல் முதல் ஆணியில் விழுந்தது.

"அண்ணே... நான் உள்ளதான் இருக்கேன்."

சுத்தியல் நின்றது. பலகை நகர்ந்தது. தேவராஜ் குனிந்து பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை, நொந்து போயிருந்தது. நான் அவரைப் பார்த்து வெந்துகொண்டிருந்த அத்தனை நாளும், அவர் என்னைப் பார்த்து வெந்திருக்கிறார்!

"கையக் குடுங்க சார்" என்றார். கொடுத்தேன். இந்த முறை விரல் நொறுங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மிச்சப் பலகைகளை அடித்து முடித்து, களம்பூர் பஸ் ஏறிவிட்டார்.

எஸ்தர் மண்ணெண்ணெய்த் துணியால் என் முகத்துத் தாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

மறுபடி துடைத்தாள். கன்னத்தில் மண்ணெண்ணெய் எரிந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். பெண் பார்க்கப் போனபோது நான் மட்டும் அவளிடம் கேட்டேனா என்ன?

"சரி, நான் இப்ப கேக்கறேன். உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

அவள் கை நின்றது. அவசரப்படாமல் யோசித்தாள். அந்த யோசனைதான் என்னைக் கொன்றது.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கேட்டிருந்தா, தெரியலன்னு சொல்லியிருப்பேன். இப்ப கேட்டா... புடிச்சிருக்கு. மூஞ்சைத் திருப்புங்க, காதுல தார் இருக்குது."

பொறாமை அன்றோடு தீர்ந்துவிட்டதா? அதெல்லாம் இல்லை. எங்கள் மகளின் ஞானஸ்நானத்துக்கு தேவராஜ் வந்து, "மாமா, நீ இன்னொரு கரண்டி போட்டுக்கோ" என்று எஸ்தர் பரிமாறியபோது எனக்குப் பிரியாணி கசந்தது.

ஆனால் அவரும் ஒன்று செய்தார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெரியவர்கள் முன்னாலேயே பெண்ணிடம் நேராகக் கேட்டாராம்: "உனக்குச் சம்மதமா?" அவள் "இல்லை" என்றுவிட்டாள்! மனிதர் அசரவில்லை. அடுத்த இடத்திலும் அதையே கேட்டார். அந்தப் பெண் தலைநிமிர்ந்து பார்த்து "சரி" என்றாள். இன்றைக்கும் ஜம்மென்று இருக்கிறார்கள்.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான், நம்மில் பாதிப் பேர் கேட்பதே இல்லை!