அணைக்காத லேப்டாப்

ரஹீமுன்னிசா தண்டையார்பேட்டை மாடி வீட்டில் இருந்தபடியே ஒரு ஏற்றுமதி அலுவலகத்துக்கு வேலை செய்துவந்தாள். கண்டெய்னர்கள் துறைமுகத்துக்குள் போகத் தேவையான ஆவணங்களை லேப்டாப்பில் தயாரித்து அனுப்புவாள். அது பழைய லேப்டாப். ஆன் செய்துவிட்டுப் போய்ச் சோறு வடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த எரிச்சலில் அதை அணைப்பதையே விட்டுவிட்டாள். ராத்திரி சார்ஜரைச் செருகி, மகள் ஜஸீமா தூங்கும் மெத்தை ஓரத்திலேயே வைத்துவிடுவாள்.

ஒருநாள் விடிந்ததும் போர்வையை விலக்கியபோது நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி வந்தது. லேப்டாப் மூடி பொருந்தாமல் பிளந்து நின்றது. உள்ளே கீபோர்டு மேடாக எழும்பியிருந்தது.

கண்டெய்னர் யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணவன் நசீர் எட்டிப் பார்த்தான். "இன்னா, மூட மாட்டேங்குதா?" என்று உள்ளங்கையால் அழுத்தப் போனான்.

"கைய எடுங்க! பேட்டரி உப்பிக்கினு கீது. அமுக்குனா தீப்புடிச்சிக்கும்!"

சுவர் சுவிட்சை அணைத்தாள். சார்ஜரைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அணைக்கப் போன விரல் ஒரு கணம் நின்றது. "மத்தியானத்துக்குள்ள டாக்குமெண்ட அனுப்பணும். எல்லாம் இதுலதான் கீது."

"போனா போவுது! புள்ளய எழுப்பு மொதல்ல!"

அணைத்தாள். அரைத் தூக்கத்தில் எழுந்த ஜஸீமாவைக் கீழே அனுப்பிவிட்டு, லேப்டாப்பை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்துத் தூக்கினாள். படிக்கட்டு குறுகல். திருப்பத்தில்தான் கீழ்வீட்டு வில்சன் கேஸ் சிலிண்டரை வைத்திருந்தார். "வில்சண்ணே, சிலிண்டர உள்ள இழுங்க!" என்று கத்திக்கொண்டே நசீர் முன்னால் ஓடினான். சிலிண்டர் உருண்டு உள்ளே போகும்வரை அவள் நடுப்படியில் நின்றாள். தட்டின் சூடு விரலில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே வைக்கவும் முடியாது, உதறவும் முடியாது.

எதிரே வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேல் தட்டோடு வைத்துவிட்டு விலகினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கிட்டே விடவில்லை. தீ வரவில்லை.

சூடு தணிந்த பிறகு, தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெகதீசன் வந்து திருகாணிகளைக் கழற்றினான். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. அதை மணல் நிரப்பிய டின்னில் தனியாக வைத்தான்.

"மெத்த மேல வெச்சா சூடு எப்டிக்கா வெளிய போவும்? அதுவும் ராவெல்லாம் சார்ஜ்ல."

"ஆன் ஆவ அவ்ளோ நேரம் புடிக்குதுப்பா. அதான் அணைக்கவே மாட்டேன்."

ஹார்ட் டிஸ்க் தப்பித்திருந்தது. ஜெகதீசன் அதைத் தன் கடைக் கம்ப்யூட்டரில் பொருத்திக் கொடுத்தான். அங்கேயே நின்றபடி ரஹீமுன்னிசா ஆவணங்களை முடித்து அனுப்பினாள். துறைமுக கேட் மூடும் முன் கண்டெய்னர் உள்ளே போய்விட்டதாகப் போன் வந்தபோதுதான் உட்கார்ந்தாள்.

பிறகு அவன் புது பேட்டரி போட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டினான். ஆன் செய்ததும் கூடவே எழுந்து வரும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினான். இப்போது சட்டென்று திறக்கிறது. பகலில் மேசை மேல் வைத்து, கண் முன்னாலேயே சார்ஜ் போடுகிறாள்.

படுக்கும்போது நசீர் கேட்பான்: "ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

அப்படியும் எழுந்து போய், சார்ஜரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான்.